கத்தரி படாத கல்யாணச் சட்டை

நான் முதலில் காதலித்தது அத்தோவைத்தான். பெண் அப்புறம்.

எண்பதுகளின் நடுப்பகுதி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். சாயந்திரம் ஆவடி ஸ்டேஷனில் இறங்கி, சைக்கிளை எடுத்துக்கொண்டு கோவில்பதாகையில் இருக்கிற வீட்டுக்குப் போக வேண்டும். ஸ்டேஷனுக்கும் சைக்கிளுக்கும் நடுவில் ஒரு தள்ளுவண்டி நின்றது. பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தமிழர் ஒருவர் அதில் அத்தோ விற்றார். மஞ்சள் நூடுல்ஸ், கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து, மேலே மொறுமொறுவென்று எதையோ நொறுக்கிப் போட்டுத் தருவார். பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். தட்டை நீட்டுகிறவள் அவர் மகள். பகலில் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி வெட்டுகிற பிரிவில் வேலை, சாயந்திரம் அப்பாவுக்கு ஒத்தாசை.

ஆறு மாதத்தில் என்னிடம் இரண்டு மாற்றங்கள். ஒன்று இதயத்தில், அது யாருக்கும் தெரியாது. இன்னொன்று வயிற்றில், அதை ஊரே பார்த்தது.

"இன்னா நைனா, டெய்லி வர்ற. ஊட்ல சோறு போடமாட்டாங்களா?" என்றார் அவர் ஒருநாள்.

"போடுவாங்க. அத அப்புறமா துன்னுவேன்."

"அத்தோவுக்கு வர்றியா, வேற எதுக்கனா வர்றியா?"

நான் மகளைப் பார்த்தேன். அவள் சூப் பானைக்குள் பார்த்தாள். "ரெண்டுக்கும்தான்" என்றேன்.

"மொதல்ல தட்டக் குடு" என்றார். கோபமா சம்மதமா என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அன்றைக்கு நொறுக்கல் கொஞ்சம் கூடுதலாக விழுந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவர்கள் வீட்டுக்குப் போனேன். திருவேற்காட்டுப் பக்கம், பர்மாவிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து குடியிருந்த இடம். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை வீடு, ஒரே ஒரு சன்னல். பெண்ணின் அம்மா தமிழ்க்காரர் இல்லை, கரேன் என்ற மலைநாட்டு இனம், அங்கேயே கல்யாணம் கட்டிக்கொண்டு புருசனோடு இங்கே வந்தவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவருக்குத் தமிழ் வராது என்று நானாகவே முடிவு கட்டி, பேச வேண்டியதையெல்லாம் சைகையில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

"யார்ராது? இட்ப்புல தறி கீது, எந்திரிக்க முடியாது. தொறந்துகினு வா!"

என் சைகையெல்லாம் வாசலிலேயே செத்தது.

உள்ளே போய் முதலில் தறியைத்தான் தேடினேன். மெஷின்காரன் புத்தி. சட்டம், மிதி, சக்கரம் என்று ஏதாவது இருக்க வேண்டுமே? ஒன்றும் இல்லை. பாயில் காலை நீட்டிக்கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். சன்னல் கம்பியில் ஒரு மூங்கில் கட்டியிருந்தது. அதிலிருந்து சிவப்பு நூல் அவரை நோக்கி ஓடி வந்து மடியில் இன்னொரு கழியில் முடிந்தது. அந்தக் கழியின் இரண்டு முனையிலிருந்தும் ஒரு பட்டை அவர் இடுப்பைச் சுற்றிப் போயிருந்தது. அவர் பின்னால் சாய்ந்தால் பாவு, அதாவது அந்த நீள நூல், விறைத்தது, முன்னால் குனிந்தால் தளர்ந்தது. தளரும்போது நூலைப் பிரித்துக் குறுக்கே இன்னொரு நூலை விட்டார். பட்டாக்கத்தி மாதிரி வழவழப்பான ஒரு பலகையைச் செருகி, சாய்ந்து, 'டக்' என்று தட்டினார். அவர்தான் தறி. மற்றதெல்லாம் நாலு குச்சி.

"முழிச்சிகினு நிக்காத. ஒக்காரு. தண்ணி வோணும்னா நீயே மொண்டுக்கோ" என்றார், கை நிற்காமல். வேலை முடிந்ததும் பட்டையைக் கழற்றினார். தறி அப்படியே படுத்துவிட்டது. பாய் மாதிரி சுருட்டி மூலையில் சாய்த்து வைத்தார். பத்துக் குதிரை சக்தி மோட்டாரும் மேலே சுற்றுகிற தண்டும் எண்ணெய்க் கறையுமாக என் பட்டறை என் கண் முன்னால் வந்து தலை குனிந்தது.

அந்தப் பட்டை பழைய சாக்கை மடித்துத் தைத்தது; ஓரம் பிய்ந்து அவர் இடுப்பில் உராய்ந்துகொண்டிருந்தது. பட்டறையில் லேத்தைச் சுற்ற வைக்கிற தோல் பெல்ட் தேய்ந்தால் கழற்றிப் போடுவார்கள். முதலாளியிடம் கேட்டு அதில் ஒரு முழத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் போனேன். பூவோடு போனவன் உண்டு, ஸ்வீட்டோடு போனவன் உண்டு. மெஷின் பெல்ட்டோடு பெண் கேட்கப் போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவர் அதை இடுப்பில் போட்டு, இரண்டு தடவை சாய்ந்து பார்த்தார்.

"வாயி பேசுற அளவுக்கு மூள இல்லன்னு நெனச்சேன். கொஞ்சம் கீது" என்றார்.

அதுதான் எனக்குக் கிடைத்த நற்சான்று. அதே பெல்ட் தொண்ணூறுகளிலும் அவர் இடுப்பில் இருந்தது. அந்தச் சன்னல் கம்பியும் கயிறு பட்டுப் பட்டுத் தேய்ந்துகொண்டே இருந்தது.

எங்கள் வீட்டில் சம்மதம் வாங்கியது தனிக் கதை. என் அம்மா களை பறித்த கையோடு ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் தேய்க்கப் போனவள். தேய்க்கிற வேகத்தில்தான் பேசுவாள். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், ஃபேன் காற்றுக்குக்கூட. தாலி எங்கள் வழக்கம், கூரைப்புடவை எங்கள் வழக்கம், சமையல் எங்கள் ஆள் என்று அம்மா வரிசையாக அடுக்கினாள். பெண் வீட்டார் எல்லாவற்றுக்கும் சரி என்றார்கள். கடைசியில் பெண்ணின் அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்.

"மாப்ள தாலி கட்டும்போது நாங்க நெய்ஞ்ச செவப்புச் சட்ட போட்டுக்கணும் சம்பந்திமா. எங்க ஜனத்துல ஆம்பளைக்கு அதான். அவங்கப்பா பக்கம் ஆளுங்க நெறய வருவாங்க. என் பக்கம் வர்றதுக்கு யாரும் இல்ல. அந்தச் சட்ட வந்தா போதும், என் பக்கம் வந்த மாதிரி."

சாதாரணமாகத்தான் சொன்னார், விளக்கெண்ணெய் இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி. விரல் விட்டு அடுக்கிக்கொண்டிருந்த கையை என் அம்மா மடக்கிக்கொண்டாள். அதிசயம்தான். அப்புறம் "செவப்புதான? மங்களமாத்தான் கீது" என்றாள்.

அளவெடுக்க ஆடி மாதத்தில் கூப்பிட்டார்கள். டேப் கிடையாது. என்னை நிற்க வைத்து, வயிற்றின் அகலமான இடத்தில் ஒரு நூலைச் சுற்றி எடுத்து, அதை நாலாக மடித்தாள் என்னவள். ஒரு மடிப்பும் அதற்கு மேல் கொஞ்சமும்தான் ஒரு துண்டின் அகலம். அவர்கள் சட்டைக்கு மொத்தமே இரண்டு நீளத் துண்டுகள். தோள் மேல் போட்டு முன்னும் பின்னும் தொங்கவிட்டு, நடுவில் கழுத்துக்கு இடம் விட்டுத் தைக்க வேண்டும். பக்கத்தில் கைக்கு இடம் விட்டுத் தைக்க வேண்டும். முடிந்தது. எங்கேயும் கத்தரி படாது. தறியில் எந்த அகலத்துக்குப் பாவு ஓட்டினார்களோ அந்த அகலம்தான் கடைசி வரைக்கும்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தது ஒன்றே ஒன்று: நான் காதலிக்கிற பெண் என் இடுப்பைச் சுற்றி நூல் பிடிக்கிறாள். எந்த ஆம்பளையும் செய்வதைத்தான் செய்தேன். மூச்சை உள்ளே இழுத்து வயிற்றை முதுகெலும்போடு ஒட்டவைத்தேன்.

அதற்குப் பிறகும் மார்கழி வரைக்கும் தினம் ஒரு தட்டு அத்தோ. அவளைப் பார்க்க வேறு வழி?

பொங்கலுக்குக் கொஞ்ச நாள் முன்னால் சட்டை தயார். தையில் கல்யாணம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போட்டுப் பார்க்கப் போனேன். சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு. நெடுக வெள்ளைக் கோடுகள், கீழே குஞ்சம். கையில் வாங்கும்போதே கனமாக, குளிர்ச்சியாக இருந்தது. தலை போனது. தோள் போனது. மார்புக்குக் கீழே வந்ததும் நின்றது.

கீழே இழுத்தேன், வரவில்லை. மேலே இழுத்தேன், முகம் வரைக்கும் வந்து அங்கேயே நின்றது. இரண்டு கையும் மேலே தூக்கிக்கொண்டு, முகம் துணிக்குள்ளே, தொப்பை வெளியே. போலீஸ் பிடித்த திருடன் மாதிரி நின்றேன்.

"தலகாணி ஒறையில பூந்த பூன மாதிரி கீறான்" என்றது என் அம்மாவின் குரல். "கத்தரி எட்தாங்க. சைடுல ஒரு வெட்டு உட்டு உள்ள ஒரு துண்டு வச்சித் தெச்சா தெரியவா போவுது?"

"வெட்டக் கூடாது சம்பந்திமா."

"மூணாவதா ஒரு துண்டு சேத்து..."

"மூணு வச்சா அது சட்ட இல்ல, சாக்கு."

மகள்காரி தையலைப் பிரித்து என்னை வெளியே எடுத்தாள். "கம்பெனில நாளெல்லாம் துணியத்தான் வெட்றேன்" என்றாள் என் அம்மாவிடம், "இதுல கத்தரி வைக்க எனக்குக் கை வராது, அத்தே."

"அப்ப சரி" என்றாள் அம்மா. "நாங்க பட்டுச் சட்டயே எடுத்துடறோம். இன்னா பண்றது, இவன் வயிறு அப்பிடி."

என் வருங்கால மாமியார் கையை நீட்டிச் சட்டையை வாங்கிக்கொண்டார். மடியில் வைத்து, குஞ்சத்தை நீவி, மடித்தார். மறுபடியும் பிரித்து மடித்தார். எதற்கும் பதில் வைத்திருக்கிறவர் பேசாமல் இருந்தால் அந்த ஒற்றை அறையில் நிற்க இடமே இல்லாத மாதிரி இருந்தது. அவர் பக்கம் வர வேண்டிய ஒரே விருந்தாளி, என் தொப்பையில் தட்டித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

என்னவள் என் முன்னால் வந்து நின்றாள். "அன்னிக்கு மூச்ச இழுத்துப் புடிச்சியா?"

"லைட்டா."

"இப்ப உடு."

விட்டேன்.

"முழுசா உடு."

விட்டேன்.

"இன்னும் கீது. உடு!"

என் மானம் வெளியே போன சத்தம் எனக்கே கேட்டது. அவள் நூலைச் சுற்றி எடுத்து நாலாக மடித்துத் தன் அம்மாவிடம் காட்டினாள். மாமியார் அந்த மடிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மடிப்போடு நாலு விரல் சேர்த்தார். "எதுக்கத்தே அது?" என்றேன். "கல்யாணத்துக்கு அப்புறம் நீ இன்னா பட்டினியா கெடக்கப் போற?" என்றார். பேச்சு வந்துவிட்டது. எனக்கு உயிர் வந்தது.

முதல் சட்டையை மறுபடி தைத்து என் கையிலேயே கொடுத்தார், "ஒடம்பு எளைச்சா போட்டுக்கோ" என்று. வீட்டுக்கு எடுத்துப்போனேன். அப்புறம் அது என் கண்ணில் படவில்லை. நானும் தேடவில்லை. இளைத்தால்தானே?

இரண்டு துண்டையும் ஒருத்தியே நெய்ய நாள் போதாது. அம்மா ஒன்று, மகள் ஒன்று என்று முடிவானது. குச்சிகள் இரண்டு செட் இருந்தன. ஆனால் சன்னல் ஒன்றுதான். சுவரில் ஆணி அடித்தால் ஆணியோடு சுவரும் வரும். கதவு நிலையில் கட்டினால் யாரும் உள்ளே வர முடியாது. வெளியே வேப்பமரத்தில் கட்டினால் எதிர்வீட்டு ஆட்டுக்குட்டி பாவை மேய்ந்துவிடும்.

"என் இட்ப்புல கட்டுங்க" என்றேன்.

தமாஷுக்குத்தான் சொன்னேன். மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார், மாடு வாங்குகிறவர் மாதிரி. "கனமாத்தான் கீற" என்றார்.

இரண்டு நாள் லீவு போட்டேன். சுவரில் சாய்ந்து சம்மணம் போட்டு நான். என் இடுப்பைச் சுற்றிக் கயிறு, கயிற்றில் மூங்கில், மூங்கிலிலிருந்து சிவப்புப் பாவு, பாவின் அந்த முனையில் அவள். பக்கத்திலேயே சன்னலோடு மாமியார். என் தொப்பைக்குப் பிறந்ததிலிருந்து கிடைத்த முதல் உத்தியோகம் அது.

அவள் பின்னால் சாய்ந்தால் நான் முன்னால் இழுபட்டேன். அவள் குனிந்தால் என்னை விட்டுப் பிடித்தாள். சாய்ந்தாள், தட்டினாள், குனிந்தாள், நூல் விட்டாள். கண் நூலில், கால் ஒரு பலகையில். முதல் ஒரு மணி நேரம் நான் என் காதலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவள் கையைப் பார்க்க ஆரம்பித்தேன். தட்டுகிற ஒவ்வொரு தடவையும் அவள் முதுகு ஒரே அளவு சாய்ந்தது. லேத்தில் நான் அளவு பார்க்கப் பத்துத் தடவை நிறுத்துவேன். இவள் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. பக்கத்தில் அம்மா 'டக்' என்றால் இவள் 'டக்' என்றாள். அம்மாவின் கை கொஞ்சம் பலம். மகள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தன் தட்டை ஒரு பொட்டு அழுத்தினாள். அம்மா தன்னுடையதை ஒரு பொட்டு இளக்கினார். இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. நான்தான் பேசினேன்.

"இந்தக் கோடு ரொம்ப நல்லா..."

"மாப்ளே, கம்பம் பேசாது" என்றார் மாமியார்.

மத்தியானம் மாமனார் ஒரு தட்டோடு வந்தார். "கம்பத்துக்குப் பசிக்கும்ல? சூடா கீது."

"வேணாம்" என்றார் மாமியார் திரும்பாமலேயே. "சாப்ட்டான்னா வயிறு ஏறும், பாவு அந்தப் பக்கம் இழுத்துக்கும். மொழம் முடியட்டும்."

"அதுக்காக எதிர்ல வச்சிகினு..."

"நீ துன்னு."

அவர் என் எதிரிலேயே உட்கார்ந்து, என்னைப் பார்த்துக்கொண்டே, "மாப்ள சார்பா" என்று ஒவ்வொரு வாயும் தின்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கியது, மூங்கில் குலுங்கியது, பாவு முழுக்க அலை அடித்தது, குறுக்கு நூல் கோணலாக விழுந்தது. அவள் இரண்டு விரல் அகலத்துக்குப் பிரித்தாள். மறுபடி நெய்தாள். மாமனார் "போதும்பா, வயிறு ரொம்பிச்சி" என்று ஏப்பம் விட்டார். நான் மறுபடி சிரித்தேன். மறுபடி கோணல்.

"பிரிக்கட்டுமா?" என்று அம்மாவைக் கேட்டாள்.

மாமியார் எட்டிப் பார்த்தார். "கெடக்கட்டும். அவன் நெய்ஞ்சது."

இப்போதும் அந்தச் சட்டையில் இடது பக்கம் விலாவுக்கு நேராக ஒரு சின்ன நெளிவு இருக்கும். தெரியாதவர்கள் துவைத்துத் துவைத்து வந்தது என்பார்கள்.

இரண்டு துண்டையும் சேர்த்தபோது சன்னல் பக்கத் துண்டு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. கம்பம் பக்கத் துண்டு அங்கங்கே மூச்சு விட்டது. தையல் லேசாகச் சுருங்கியது. மாமியார் சுருக்கத்தை விரலால் பரப்பிப் பரப்பித் தைத்து முடித்தார். "போட்டா தெரியாது. உன் வயிறு இஸ்த்துப் புடிச்சிக்கும்" என்றார்.

திருவேற்காட்டுக் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபம். தை மாதத்து விடியற்கால முகூர்த்தம். பேசினால் வாயில் புகை வராத குறை. என் அறையில் அம்மா ஒரு பையில் பட்டுச் சட்டையும் வாங்கி வைத்திருந்தாள். "இதுவும் மாட்டிக்கிச்சின்னா இருக்கட்டும்" என்றாள். நான் சிவப்புச் சட்டையைத் தூக்கித் தலையில் விட்டேன். தலை, தோள், மார்பு. கண்ணை மூடிக்கொண்டு மூச்சை விட்டேன், முழுசாக. சட்டை வழுக்கிக்கொண்டு இறங்கி, தொப்பையைத் தாண்டி, நாலு விரல் மிச்சத்தோடு நின்றது.

அம்மா என்னைச் சுற்றி ஒரு நடை வந்தாள். "திரும்பு" என்றாள். திரும்பினேன். முதுகில் கை வைத்துத் தடவிப் பார்த்தாள். பட்டுச் சட்டையைப் பைக்குள்ளேயே தள்ளிவிட்டு, "குளுருது" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

மணையில் உட்கார்ந்தேன். பெண் வந்தாள், கூரைப்புடவையில். என் சட்டையைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் பாவு ஆடும் என்று பழகிப்போய் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மாமனார் பக்கத்து ஜனம் மண்டபத்தில் பாதி, எங்கள் ஜனம் மீதி. மாமியார் மேடை ஓரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு என் சட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் என் அம்மா வந்தாள். பட்டுப்புடவை, கொண்டை நிறையச் சாமந்தி. அதற்கு மேலே சிவப்புச் சட்டை. முதல் சட்டை. என் வயிறு போகாத அந்தத் தலையணை உறை, ஒடிசலான என் அம்மாவுக்குப் புடவைக்கு மேலேயே தாராளமாக இறங்கியிருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் அதிலிருந்து விறகடுப்புப் புகை வாசம் அடித்தது. இத்தனை நாளும் விடியற்காலையில் பம்புத் தண்ணீர் பிடிக்க இதைத்தான் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இன்னாமா இது?" என்றேன் மெதுவாக.

"குளுருதுன்னு சொன்னேன்ல? மூடிகினு தாலியக் கட்டு."

கட்டினேன். போட்டோக்காரர் எல்லோரையும் மேடைக்குக் கூப்பிட்டார். எங்கள் ஜனத்துக் கிழவி ஒருத்தி "அவங்க வழக்கத்துல மாமியாரும் போடணும் போல" என்று பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். போட்டோக்காரர் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "பெரிம்மா, அந்தச் சட்டய மட்டும் கழட்டிருங்க. பட்டுப்பொடவ மறைக்குது" என்றார்.

"பட்டுப்பொடவ ஊருக்கெல்லாம் கீது" என்றாள் அம்மா. "இது என் சம்பந்தி நெய்ஞ்சது. அப்பிடியே புடி."

தூணைப் பிடித்திருந்த கை தூணை விட்டது. மாமியார் மேடையேறி வந்து என் அம்மாவை அடுத்து நின்றார்.

"முன்னாடி பின்னாடி மாத்திப் போட்டுக்கினேனா சம்பந்திமா?" என்று அம்மா கேட்டாள்.

"இதுக்கு முன்னாடி பின்னாடியே கெடையாது சம்பந்திமா" என்றார் மாமியார். "எப்பிடிப் போட்டாலும் சரி."

"ரெடி" என்றார் போட்டோக்காரர். அந்தப் படத்தில் நாங்கள் எல்லோரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு. மாமியார் மட்டும் பார்க்கவில்லை. குனிந்து, என் அம்மா சட்டையின் குஞ்சத்தை நீவிக்கொண்டிருக்கிறார்.